தபால்காரர் யார் ஆளு?

கம்பம் பள்ளத்தாக்கில் கடனுக்குத் தேதி கிடையாது, பருவம்தான் உண்டு. 'ஏலக்காய் போட்டதும் தர்றேன்', 'கொடியில பழம் ஏறட்டும்', 'வைகாசி பொறக்கட்டும்ணே' என்று சொன்னால் போதும். கொடுத்தவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். சின்னமனூர் வாழை மண்டியிலும் போடி ஏலக்காய்க் கடைகளிலும் லட்சங்கள் புரள்வது இந்தக் காலண்டரில்தான். எங்கள் ரயிலே அப்படித்தான். அகலப்பாதை போடுகிறோம் என்று 2010 கடைசியில் நிறுத்திய மதுரை–போடி ரயில், தேனிக்கு 2022 மே மாதமும் போடிக்கு 2023 ஜூனிலும் வந்து சேர்ந்தது. கூட்டமாய்ப் போய் வரவேற்றோமே தவிர, லேட் ஃபீ எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

இப்படிப்பட்ட ஊருக்கு ஒருநாள் மதுரையிலிருந்து டை கட்டிய தம்பி ஒருவர் கிரெடிட் கார்டு விண்ணப்பத்தோடு வந்து இறங்கினார். செல்போனில் பணம் கட்டலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம், அந்தக் காலம். 'அம்பது நாள் வட்டியே இல்ல சார்' என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியப்பா, 'தேதி தப்புனா?' என்றார். மாதம் மூன்று சதவீதம் போல வரும், அதற்கு மேல் லேட் ஃபீ என்று தம்பி இழுத்தார். 'மூணு வட்டியா! இங்க ரெண்டு வட்டிக்கு விடுறவன் வீட்லயே பொண்ணு எடுக்க யோசிப்பாய்ங்க தம்பி.'

இன்றைக்குப் பல கார்டுகளில் அது மூணே முக்கால் வட்டி. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது; அந்த உத்தரவை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. பெரியப்பாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. அவருக்கு ரத்தக்கொதிப்பு.

கார்டு வந்தது. பின்னாலேயே மாதா மாதம் கவரும் வந்தது. முகவரி தெரிகிற இடத்தில் கண்ணாடித்தாள் ஒட்டிய கவர். எங்கள் தபால்காரர் சைக்கிளை நிறுத்தாமலே நீட்டுவார். 'ஜன்னல் வச்ச கவர்னாலே கடன்தான் சார். இத்தன வருசத்துல ஒண்ணுகூட நல்ல சேதி கொண்டாந்ததில்ல.' உள்ளே பில் தேதி 2 என்றிருக்கும். கவரின் மேல் முத்திரை 11 என்றிருக்கும். அந்த ஒன்பது நாளும் பில் எந்தச் சத்திரத்தில் படுத்திருந்தது என்பது அந்த வங்கிக்கே வெளிச்சம். என் கைக்கு வரும்போது கெடு தேதி கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நிற்கும்.

இனி செக் சென்னைக்குப் போக வேண்டும். தபாலில் போட்டால் போய்ச் சேர்ந்து, பிரித்து, கணக்கில் ஏறி, பாஸாகி வர வேண்டும். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். 'பின்கோடு 625-ன்னு ஆரம்பிக்குது, நீங்க மதுரைதானே சார்? சிட்டியிலயே டிராப் பாக்ஸ் இருக்கே' என்றது ஒரு இனிய குரல். தேனி மாவட்டம் 1996-ல் பிரிந்துவிட்டது தாயி, பின்கோடுதான் பிரியவில்லை என்று விளக்கினேன். 'ஓகே சார், டிராப் பாக்ஸ்ல போட்ருங்க' என்றது அதே குரல். டிராப் பாக்ஸில் போட ஆண்டிபட்டி கணவாய் தாண்டி மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும். போனது போனோம் என்று வீட்டம்மாவும் கூட வருவார். செக் பெட்டிக்குள் விழும் சத்தம் அடங்குவதற்குள் பக்கத்து ஜவுளிக்கடையில் கார்டு தேய்க்கும் சத்தம் கேட்கும். லேட் ஃபீயைத் தப்பிக்க இதைவிடச் செலவான வழி கிடையாது.

எனக்குப் புரியாத தர்க்கம் ஒன்று உண்டு. பில் தாமதமாக வந்தால் வங்கி சொல்வது, 'நாங்க அனுப்பிட்டோம் சார்.' செக் தாமதமாகப் போனால் நான் சொல்வதும் அதேதான். என் பேச்சு மட்டும் செல்லாது. அதாவது பில்லை எடுத்து வரும்போது, தபாலில் சேர்த்த நிமிஷமே வங்கியின் வேலை முடிந்தது. செக்கை எடுத்துப் போகும்போது தபால்காரர் என் ஆளு. அவர் மூச்சு வாங்கினால் அபராதம் எனக்கு.

இதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. ஔந்த் சமஸ்தானத்தில் இருந்த ஒகலே கிளாஸ் ஒர்க்ஸ், அரசாங்கத்துக்கு லாந்தர் விளக்கு விற்றது. பில்லோடு 'தொகையை செக்காக அனுப்பி வைக்கவும்' என்று எழுதியது. டில்லியிலிருந்து செக் தபாலில் போனது. பணம் கைக்கு வந்தது டில்லியிலா, ஔந்திலா என்று வருமான வரி வழக்கு. 1954-ல் நீதிமன்றம் சொன்னது: அனுப்பச் சொல்லிக் கேட்டவர் கடன் கொடுத்தவர் என்றால் தபால் அவருடைய முகவர், தபாலில் சேர்த்தபோதே பணம் கொடுத்தாயிற்று. ஜெயித்தது வருமான வரித்துறை. இருக்கட்டுமே, கொள்கை நம்முடையது!

உத்தமபாளையம் கோர்ட்டுக்குப் போகும் வக்கீல் நண்பரிடம் ஓடினேன். அவர் கார்டு விதிமுறைத் தாளை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எறும்பு எழுத்தில் விரல் வைத்தார். 'பணம் எங்க கணக்குல வந்து சேர்ற தேதிதான் கட்டின தேதின்னு போட்ருக்கு, கீழ உங்க கையெழுத்து இருக்கு. லாந்தர் கம்பெனிக்காரன் இத எழுதல, மாட்டிக்கிட்டான். இவிங்க எழுதிட்டாய்ங்கண்ணே.'

ரிசர்வ் வங்கி 2022-ல் போட்ட உத்தரவில் கொஞ்சம் கருணை தெரிகிறது. பில் அனுப்புவதில் தாமதம் கூடாது, கட்ட இரண்டு வாரமாவது இருக்க வேண்டும். கெடு முடிந்து மூன்று நாளுக்கு மேல் பாக்கி நின்றால்தான் லேட் ஃபீ போடலாம். அதுவும் மிச்சமிருக்கும் பாக்கிக்குத்தான். ஆனால் இந்த மூன்று நாள் அபராதத்துக்கு மட்டும்தான். வட்டிக்கு அந்த இரக்கம் இல்லை. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினாலும் அப்படித்தான், ஃபீ தப்பும், வட்டி ஓடும். லேட் ஃபீக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. தாமதமும் ஒரு சேவை போலிருக்கிறது.

இப்போது பலரும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறார்கள். உருப்படியான வழி அதுதான், கணக்கில் பணம் இருந்தால். பெரியப்பா வழி வேறு. என்னைத் திட்டிக்கொண்டே அவரும் ஒரு கார்டு வாங்கியிருந்தார். பில்லுக்குக் காத்திருக்காமல், ஏலக்காய்ப் பணம் வந்த கையோடு ஐயாயிரத்துக்கு ஒரு செக்கை முன்கூட்டியே அனுப்பிவிட்டார். அடுத்த ஜன்னல் கவரில் வங்கிதான் அவருக்குப் பாக்கி. தெருவெல்லாம் காட்டினார். அதோடு விட்டாரா? போனைப் போட்டார்.

'ஏம்மா, எனக்கு நீங்க பாக்கி வச்சிருக்கீகள்ல, அதுக்குக் கெடு தேதி என்ன?'

'அப்படி எதுவும் இல்லைங்க சார்.'

'வட்டி?'

'அதுவும் இல்லைங்க சார்.'

'சரி தாயி, ஏலக்காய் வித்ததும் குடுங்க.'

வங்கி அநியாயமாக ஃபீ போட்டால் முதலில் வங்கிக்கே எழுத வேண்டும். புகார் கிடைத்த 30 நாளுக்குள் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021-ல் வந்த திட்டப்படி, ஆன்லைன் தெரியாதவர்கள் சண்டிகருக்குத் தபாலில் அனுப்பலாம். தபால் தாமதத்தைப் பற்றிய புகார், கம்பத்திலிருந்து சண்டிகருக்கு, தபாலில். அதற்கு முன்னால் அந்த 30 நாளை எண்ண வேண்டும். எண்ணுவது நான் எழுதிய தேதியிலிருந்து இல்லை, வங்கிக்குப் புகார் கிடைத்த தேதியிலிருந்து. அது என்றைக்குக் கிடைத்தது என்பதை வங்கியிடம்தான் கேட்க வேண்டும்.