தங்கள் மனு அனுப்பப்பட்டுள்ளது

அப்பா காலத்தில் ஒரு மனுவின் முதல் நாலு வரி கும்பிட்டுக்கே போய்விடும். கள்ளக்குறிச்சி தாலுகா ஆபீஸ் வாசல், புளியமர நிழல், மடக்கு மேசை, நீல மைக்கூடு. ‘மேன்மை தங்கிய ஜில்லா கலெக்டர் துரையவர்கள் சமூகத்துக்கு’ என்று தொடங்குவார். மனுதாரர் எவ்வளவு ஏழை, எத்தனை பிள்ளைகள், கலெக்டரே எப்படித் தாயும் தகப்பனும் என்றெல்லாம் சுற்றிவிட்டு, தாளின் அடியில்தான் விஷயம் இறங்கும்: ஏரி மதகு உடைந்து இரண்டு வருஷம் ஆகிறது. ‘ஏன் உடைந்தது, ரிப்பேருக்கு வந்த பணம் எங்கே’ என்று கேட்கும் மனுவை அவர் எழுதியதே இல்லை. அப்படி எழுதச் சொல்லி யாராவது வந்தால், “கேக்கறது வேற, கேள்வி கேக்கறது வேறப்பா. எனக்குக் கேக்கத்தான் தெரியும்” என்று அனுப்பிவிடுவார்.

அப்போது நாங்கள் தென்னாற்காடு மாவட்டம். கலெக்டர் கடலூரில். விடியற்காலை பஸ் ஏறிப் போனால், “ஐயா கேம்ப்” என்று டவாலி சொல்வார். 1993இல் விழுப்புரம் தனி மாவட்டமாகி, கலெக்டர் பாதி தூரம் எங்களை நோக்கி வந்தார். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சியே மாவட்டமாகிவிட்டது. இப்போது காலை இட்லியை முடித்துக்கொண்டு போய், “ஐயா மீட்டிங்” என்ற பதிலை வாங்கிக்கொண்டு மதியச் சோற்றுக்கு வீடு திரும்பிவிடலாம். வளர்ச்சி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. புதிய கலெக்டர் ஆபீஸ் கட்ட வீரசோழபுரத்துக் கோயில் நிலத்தை எடுத்தார்கள். அது கோர்ட்டுக்குப் போனது. ஊர்க் கணக்கையெல்லாம் கேட்க வேண்டிய ஆபீஸ், தான் நிற்கப்போகும் மண்ணுக்கே முதலில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

அந்தக் காலத்தில் கணக்குக் கேட்பது என்றால் ஜமாபந்திதான். வருஷத்துக்கு ஒரு முறை, மே, ஜூன் வெயிலில், பசலி ஆண்டு முடிகிற நேரத்தில் நடக்கும். தாலுகா ஆபீசில் பந்தல் போட்டு வாழைமரம் கட்டுவார்கள். ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம்கள் சிவப்புத் துணியில் சுற்றிய கணக்குக் கட்டுகளைத் தலைச்சுமையாக ஆள் வைத்துக் கொண்டுவருவார்கள். ஊரில் நிமிர்ந்து நடந்த கர்ணம், ஜமாபந்தி அதிகாரிக்கு முன்னால் முதுகை வளைத்து அடங்கலைப் பிரித்துக் காட்டுவதைப் பார்க்கவே சனம் கூடும். நில அளவைச் சங்கிலியைக்கூடத் தரையில் நீட்டிப் போட்டு, நீளம் சரியா என்று பார்ப்பார்கள். நான் சின்னப் பையன். சங்கிலி சரியாக இருந்தால் நிலமும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். அப்பா சிரித்தார். “சங்கிலியில ஒண்ணும் கோளாறு இல்லடா. அது யார் வயல்ல நிக்குது, யார் வயல்ல நகருதுங்கறதுதான் கணக்கு.”

1980 நவம்பர் 14ஆம் தேதி எம்.ஜி.ஆர். அரசு ஒரே அவசரச் சட்டத்தில் கர்ணம், மணியக்காரர் வேலைகளையெல்லாம் ஒழித்தது. மாநிலம் முழுக்க ஏறக்குறைய 23,000 பேர். பரம்பரைக் கணக்குப்பிள்ளைகள் சுப்ரீம் கோர்ட் வரை போயும் பலிக்கவில்லை. பிறகு வி.ஏ.ஓ. வந்தார். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் அதைச் சொன்ன விதம் எனக்கு இன்னும் பிடிக்கும்: “முன்னே ஒரே ஆளு பரம்பரையா வாங்கினாரு. இப்போ மூணு வருஷத்துக்கு ஒருத்தருக்குப் புதுசா பழக்கப்படுத்த வேண்டியிருக்கு.” இதையும் அப்பா எந்த மனுவிலும் எழுதவில்லை.

மலையில் இந்தச் சங்கிலிகூடக் கிடையாது. கச்சிராயப்பாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து ஏறினால் கல்வராயன்மலை. அங்கே சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகீர்கள். நாடு 1947இல் விடுதலையானதாகப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொன்னார்கள். மலைக்கு அந்தச் சேதி சாவகாசமாகத்தான் போயிருக்கிறது: ஜாகீர் பிடி நீங்கி மலை அரசாங்கத்தின் கைக்கு வந்தது 1976இல். ஊரே வாய் மூடிக் கிடந்த நெருக்கடி நிலைக் காலத்தில்தான் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு ஜாகீர்தாரிடமிருந்து விடுதலை. அப்பாவிடம் வந்த மலைக்காரர் ஒருவர் சாமை மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, “இனிமே வரி யாருக்குக் கட்டணும்?” என்று கேட்டாராம். “சர்க்காருக்கு” என்றார் அப்பா. “அவங்க திருப்பி ஏதாச்சும் தருவாங்களா?” அப்பா மேசையை மடக்கினாராம். அவர் சொன்ன கதை. கொஞ்சம் மெருகு இருக்கலாம்.

மேசை என் கைக்கு வந்தபோது கும்பிடு குறைந்து சட்டம் வந்திருந்தது. 1997இலேயே தகவல் பெறும் உரிமைக்குச் சட்டம் போட்டு, நாட்டுக்கு முன்னோடி என்று பெயர் வாங்கிய மாநிலம் நம்முடையது. அதில் விதிவிலக்குகளின் பட்டியல் அவ்வளவு நீளம். அதையெல்லாம் கழித்துவிட்டு மிச்சமிருப்பதைக் கேட்கலாம். 2005இல் வந்த மத்தியச் சட்டம் நிஜமான சட்டம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், ஒரு வெள்ளைத்தாள். ஏன் கேட்கிறாய் என்று அதிகாரி கேட்கக்கூடாது. 30 நாளில் பதில். தராவிட்டால் நாளுக்கு 250 ரூபாய் அபராதம், உச்சம் 25,000. இதற்கு விதை போட்டவர்கள் ராஜஸ்தான் கிராமத்துச் சனங்கள். அருணா ராய் முதலானோரின் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் அரசாங்கத்தின் பில்களை ஊர் நடுவே உரக்கப் படித்துக் காட்டியது. படித்ததற்கே ஆபீஸ் ஆட்டம் கண்டது. அப்பா இதைக் கேட்டிருந்தால் மைக்கூட்டைக் கவிழ்த்திருப்பார்.

சட்டம் வந்த புதிதில் எனக்கு நல்ல வரும்படி. பிறகு ஆபீசும் படித்துக்கொண்டது. மலைப் பக்கம் ஒரு சிற்றூருக்குப் போட்டதாகச் சொல்லப்பட்ட சாலையின் எம்-புக், அதாவது வேலையை அளந்து பதியும் புத்தகத்தின் நகலைக் கேட்டேன். ஓர் அலுவலகம், பிரிவு 6(3)இன்படி இது இன்னோர் அலுவலகத்துக்கு உரியது என்று அனுப்பியது. அது மூன்றாவதற்கு அனுப்பியது. மூன்றாவது, சட்டம் சொன்ன 5 நாளுக்குள், முதலாவதற்கே அனுப்பிவைத்தது. ஒவ்வொன்றும் எனக்கு நகலிட்டு, மரியாதையாக, கையெழுத்தும் முத்திரையுமாக வந்த கடிதம். அப்பா காலத்து மனு கிணற்றில் போட்ட கல். என் மனுவுக்கு, அது இப்போது எந்தப் படியில் இருக்கிறது என்று ரிஜிஸ்டர் தபாலில் சேதி வருகிறது.

பணம் போன இடம், யாரும் மனு போடாமலே தெரிந்துபோன ஒரு சமயமும் உண்டு. பி.எம். கிசான் திட்டம்: விவசாயிக்கு வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை, நேரே வங்கிக் கணக்கில். இடையில் ஆளே கிடையாது என்பதுதான் அதன் பெருமை. 2020 ஆகஸ்டில், ஊரடங்கு காலத்தில், கள்ளக்குறிச்சி, விழுப்புரம் பக்கம் அது வெடித்தது. ஒரு செண்டு நிலம்கூட இல்லாதவர்கள் விவசாயிகளாகியிருந்தார்கள். வேளாண் துறையின் பாஸ்வேர்டு கம்ப்யூட்டர் சென்டர்களுக்குப் போயிருந்தது. செப்டம்பரில் துறைச் செயலர் ககன்தீப் சிங் பேடி சொன்ன கணக்கு: மாநிலம் முழுக்க 110 கோடிக்கு மேல் போனது, 80 பேர் வேலைநீக்கம், 32 கோடி திரும்ப வந்துவிட்டது. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது.

எங்கள் தெருவில் பாத்திரம் தேய்க்கப் போகும் அம்மாள் ஒருவரும் திடீர் விவசாயி. கொரோனா பணம் என்று சொல்லித்தான் ஆதாரும் பாஸ்புக்கும் வாங்கிப் போனார்களாம். 2,000 வந்தது, பதிந்து கொடுத்தவன் பாதியைப் பிடுங்கிக்கொண்டான். திரும்பக் கட்டச் சொன்னபோது முழு 2,000 கட்டினார். “ரசீது வாங்கிக்கோங்கம்மா” என்றேன். “அவன் பாதி எடுத்தப்போ ரசீது குடுத்தானா?” என்றார்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி டவுனில், கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். போலீஸ் ஸ்டேஷனும் கோர்ட்டும் கூப்பிடு தூரம். கலெக்டர் மாற்றம், எஸ்.பி. சஸ்பெண்ட், ஒரு நபர் ஆணையம், குடும்பத்துக்கு 10 லட்சம், பிறகு சி.பி.ஐ. இதைப் பற்றி நையாண்டி எழுத எனக்கு மனம் வரவில்லை. அதன் வால் மட்டும் விசித்திரம்: டவுனில் விழுந்த பிணங்களைப் பார்த்த பிறகுதான் மலையில் ரோடு இல்லை என்பது தெரியவந்தது. உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன்மலை மக்களின் நிலை பற்றி வழக்கு எடுத்தது. நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியமும் சி. குமரப்பனும் முதல்வரோ அமைச்சர்களோ ஒரு முறை மேலே போய்ப் பார்க்கலாமே என்றார்கள். அதுவரை மலையைப் பற்றி அரசு தவறாமல் தந்துவந்த புள்ளிவிவரம், அழித்த சாராய ஊறல் எத்தனை லிட்டர் என்பதுதான். ரோட்டுக்கு இல்லாத துல்லியம் அதில் இருந்தது.

அந்த எம்-புக் நகல் கடைசியில் வந்துவிட்டது, பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டி. அதை எடுத்துக்கொண்டு அந்த ஊரின் அக்டோபர் 2 கிராமசபைக்குப் போனேன். வரவு செலவு பிளக்ஸ் கட்டியிருந்தார்கள்; நடு மடிப்பில் செலவு விழுந்திருந்தது. ஊராட்சிச் செயலர் ரயிலுக்கு நேரமானவர் போலப் படித்தார். மரவள்ளிக் காட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்த ஒரு பெண் எழுந்தார்.

“மெதுவா படிங்க சார்.”

மெதுவாகப் படித்தார். சாலைப் பணி, தகவல் பலகை உட்பட.

“பலகை இருக்குது. எங்க ஆட்டுக்குட்டிய அதுலதான் கட்டறோம். ரோடு எங்க சார்?”

“ஏம்மா, எதுவா இருந்தாலும் எழுதிக் குடுங்க.”

அவர் என்னைக் காட்டினார். நான் அங்கேயே, எம்-புக் பக்க எண்ணோடு, கும்பிடு இல்லாமல் ஆறு வரி எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

“வாங்கினதுக்கு ரசீது குடுங்க சார்.”

கூட்டம் சிரித்தது. செயலர் சட்டைப்பையைத் தடவினார்.

“சீல் கீழ ஆபீஸ்ல இருக்கும்மா. திங்கக்கிழமை வந்து வாங்கிக்கோங்க.”

“சரி சார்” என்று அந்தப் பெண் மனுவைத் திரும்ப வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். “திங்கக்கிழமையே குடுக்கறேன்.”