குழு சந்நியாச விசாரம்

ஒரு கூட்டத்தில் மனிதன் சேர வேண்டிய முறைகளை நம் முன்னோர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். சேர்ந்த கூட்டத்திலிருந்து ஒருவர் மனமும் புண்படாமல் வெளியேறும் முறையைப் பற்றியோ, கல்யாணப் பந்தியில் இலையை மூடிவிட்டு எழுந்திருப்பது ஒன்றைத் தவிர, அவர்கள் நமக்கு அதிகமாக ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. அக்குறையை நிவர்த்திக்கும் பொருட்டு, வாட்ஸ்அப் என்னும் சாதனத்தில் அமைந்த குடும்பக் குழுவை ஆதாரமாகக் கொண்டு, அதிலிருந்து விலகுதல் சாத்தியமா, சாத்தியமென்றால் தர்மமா என்னும் இரு வினாக்களை இச்சிறு கட்டுரை விசாரிக்கப் புகுகிறது.

முதலில் லட்சணம் கூறுதல் மரபு. குடும்பக் குழுவாவது, ஒரு கல்யாணத்தை முன்னிட்டுச் சத்திரத்துக்கு வழி சொல்வதற்காகத் தொடங்கப்பெற்று, அந்தச் சுபகாரியம் இனிது நிறைவேறி, சமையற்காரரின் பாக்கியும் தீர்ந்து, மணமக்களுக்குக் குழந்தை பிறந்து அது பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பின்னும் கலையாமல் நிற்கும் சபை. 2009ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஜான் கூம், பிரையன் ஆக்டன் என்னும் இருவர் இந்தச் சாதனத்தை ஸ்தாபித்தபோதும், 2014இல் ஃபேஸ்புக் நிறுவனம் அதனைச் சுமார் 1,900 கோடி டாலருக்கு விலை பேசியபோதும், மாயவரத்துப் பெரியப்பா ஒருவர் அதில் நாள்தோறும் விடியற்காலை நாலரை மணிக்கு ரோஜாப்பூ அனுப்புவார் என்பது அவர்களுடைய கணக்கில் சேர்ந்திருக்குமா என்பது ஐயத்துக்குரியது. 2016இல் ஒரு குழுவுக்கு 256 பேர் என்றிருந்த வரம்பு, 2022இல் 1,024 ஆக உயர்ந்தது. ஒருவரோடொருவர் பேச்சுவார்த்தை உள்ளவர்கள் அத்தனை பேர் எங்கள் வம்சத்தில் இல்லாமையால், அந்தச் சலுகை எங்களுக்குப் பிரயோசனப்படவில்லை.

இனி, இக்குழுவில் வாழும் ஜீவனுக்கு, ஸ்மிருதிகள் வகுத்தபடியே, நான்கு ஆசிரமங்கள் உண்டு.

முதலாவது பிரம்மசரியம். இது புதிதாகச் சேர்க்கப்பட்டவனின் நிலை. உபநயனத்தைப் போலவே, இதுவும் அவனைக் கேட்டுச் செய்வது அன்று. பெரியோர்களாகப் பார்த்துச் செய்து வைப்பது. வருகிற ஒவ்வொரு செய்திக்கும் அவன் கைகூப்பிய சித்திரம் ஒன்றைச் சமர்ப்பிக்கிறான். பெயரின்றி எண்ணாக மட்டும் தோன்றும் மாமாக்கள் எந்த வழியில் மாமா என்பதை அம்மாவிடம் தனியே கேட்டு அறிகிறான். இந்த ஆசிரமம் சாதாரணமாக மூன்று நாளைக்கு மேல் நீடிப்பதில்லை.

இரண்டாவது கிருகஸ்தம். இல்வாழ்வானுக்கு வள்ளுவர் ஐந்து பேரிடத்துக் கடமைகளை விதித்தார். குழுவில் உள்ள கிருகஸ்தனுக்கும் கடமைகள் ஐந்தே. காலை வணக்கம் கூறுதல், பிறந்தநாள் வாழ்த்துதல், மறைந்தவருக்கு இரங்குதல், வெந்தயத்தின் மகிமையை எடுத்துரைத்தல், எங்கிருந்தோ வந்ததை எங்கேயோ அனுப்புதல் என்பன அவை. இவற்றுள் இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே தினத்தில் நேரும்போது பெருஞ்சங்கடம் விளைகிறது. சித்தியின் பேரனுக்கு ஆண்டு நிறைவு வாழ்த்துக்கள் குவிந்துகொண்டிருந்த ஒரு வேளையில், கும்பகோணத்துத் தூரத்து உறவினர் ஒருவர் காலமான செய்தி இடையில் வந்து விழ, மேலே படித்தவர்கள் வாழ்த்தியும், கீழே படித்தவர்கள் இரங்கியும், இரண்டையும் படிக்காதவர்கள் கட்டைவிரலை உயர்த்தியும், பிறந்தவர் யார், போனவர் யார் என்பது ஒரு மணி நேரம் வரை தெளிவுபடாதிருந்தது. ஐந்தாவது கடமையின் வேகத்தைத் தணிக்கும் பொருட்டு, 2018இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்பலாகாது என்று வரம்பு கட்டினார்கள். ஐந்து இடங்களுக்காவது அனுப்பியே தீர வேண்டும் என்று பெரியப்பா அதற்கு வியாக்கியானம் செய்துகொண்டார்.

மூன்றாவது வானப்பிரஸ்தம், அதாவது, குழுவின் மணியோசையை அடக்கி வைத்தல். எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என இதில் மூன்று படிகள் உள. மூன்றாம் படி 2020இல்தான் அமைந்தது; அதற்கு முன் எத்தகைய விரக்தனுக்கும் ஓராண்டே உச்சவரம்பு. காட்டுக்குப் போனவன் குடிலின் வாசலில் நின்று ஊர்ப்பக்கம் எட்டிப் பார்ப்பதுபோல, இவனும் இரவு படுக்குமுன் ஒரு முறை உள்ளே சென்று, தன் பெயர் எங்கேனும் அடிபட்டிருக்கிறதா என்று பார்த்த பின்பே உறங்குகிறான்.

நான்காவது சந்நியாசம். இதுவே நம் விசாரணைக்கு உரியது. முன்னாளில் ஒருவன் வெளியேறினால், இன்னார் வெளியேறினார் என்று சபை நடுவே ஒரு வரி தோன்றித் தண்டோராப் போட்டாற்போல் அனைவருக்கும் அறிவித்துவிடும். அதைக் கண்ட மாத்திரத்தில், யார் என்ன சொன்னார்கள் என்று அத்தைமார் ஆராயத் தொடங்குவர். பங்காளிகளுக்குப் பழைய பாகப்பிரிவினை ஞாபகத்துக்கு வரும். முடிவில் பெரியப்பா அவனை மறுபடியும் உள்ளே இழுத்துப் போடுவார். தன்னை யார் சேர்க்கலாம் என்பதை அவனவனே நிர்ணயித்துக்கொள்ளும் உரிமை 2019இல் கிடைத்தது மெய்யே. ஆனால், தோளில் தூக்கித் தேர் காட்டிய பெரியப்பாவின் பெயரை விலக்கப்பட்டோர் பட்டியலில் சேர்க்கும் நெஞ்சுரம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆதிசங்கரருக்கே, முதலை காலைப் பற்றிய பின்னர்தான் தாயார் சந்நியாசத்துக்குச் சம்மதித்தார் என்று அவருடைய சரிதம் கூறும். நம்மவர்க்கோ முதலையும் இல்லை.

இவ்விடத்தில் பூர்வபட்சி எழுந்து, "2022ஆம் ஆண்டு முதல் ஓசையின்றி வெளியேறலாமே, குழுவை நிர்வகிப்பவருக்கு மட்டுந்தானே அது தெரியும், இன்னும் என்ன தடை?" என்று வினவுவான். அவனுக்கு விடை கூறும் பொருட்டு, நான் என்னையே பரிசோதனைக்கு உட்படுத்திக்கொண்டேன்.

ஒரு புரட்டாசி மாதத்து இரவில், வீட்டார் அனைவரும் உறங்கிய பின், சித்தார்த்தர் அரண்மனையை நீத்ததை நினைத்துக்கொண்டு வெளியேறினேன். முதல் நாள் பரம நிம்மதியாக இருந்தது. மூன்றாம் நாள், யாரேனும் கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு விடை தயாரித்தேன். ஏழாம் நாள் அந்த விடையைச் சற்றே மெருகேற்றினேன். பத்தாம் நாள் பொறுக்கமாட்டாமல் நானே அத்தையைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் மூட்டுவலியைப் பற்றியும் வேலைக்காரி வராததைப் பற்றியும் முக்கால் மணி நேரம் பேசினாரேயன்றி, குழுவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விஷயம் அறிந்த ஒரே மனிதரான பெரியப்பாவும், ஒரு சீமந்தத்தில் எதிர்ப்பட்டபோது, குழந்தைகளின் படிப்பை விசாரித்துவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார். விலகியவர் பெயரைக் குழுவின் ஏட்டில் அறுபது நாள் வரை பார்க்கலாம் என்பது விதி. அறுபத்தோராம் நாள், திதி கொடுக்கவும் ஆளில்லாத பிதிர்களோடு நான் ஒன்றானேன்.

ஆகவே சித்தாந்தமாவது: விலகுதல் சாத்தியமே, ஆயின் சந்நியாசத்தின் ருசி துறப்பதில் இல்லை, போகாதே என்று பிறர் தடுப்பதில் இருக்கிறது. தடுப்பாரில்லாத துறவு வெறும் தொலைந்துபோதல். கலியுகத்தில் விலக்கத்தக்கவையென்று ஒரு ஸ்மிருதி வாக்கியம் எண்ணும் ஐந்தனுள் சந்நியாசமும் ஒன்றாக இருப்பதற்கு, பின்வந்தோர் பலவாறு சமாதானம் கூறியிருப்பினும், உண்மைக் காரணம் எனக்கு அன்றுதான் விளங்கிற்று.

உடனே பெரியப்பாவை அழைத்து, "கைபேசியில் ஏதோ கோளாறு பெரியப்பா, குழுவே காணாமல் போய்விட்டது" என்றேன். "அப்படியா" என்று ஒரே சொல்லோடு அவர் என்னைச் சேர்த்தார். போனதைத்தான் மறைக்கலாமேயன்றி, வந்ததை மறைக்க இயலாது. நான் சேர்க்கப்பட்ட செய்தி சபை நடுவே ஒரு வரியாகத் தோன்றிற்று. அரை நிமிஷத்தில் அத்தை கேட்டார்: "ஏன்டா, நீ எப்போ வெளியே போனே?"

அதற்குத் தகுந்த விடையை நான் விடிய விடிய யோசித்துக்கொண்டிருக்க, நாலரை மணிக்கு ரோஜாப்பூ வந்து சேர்ந்தது.