சாப்பிடாத கோபி 65க்குப் பணம் கட்டியவனின் நன்றி மடல்

மாட்சிமை பொருந்திய உணவக நிர்வாகத்தாரின் திருச்சமூகத்துக்கு,

பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்பதால் போடவில்லை. ஏசி ஹாலில் குடும்பத்தோடு சாப்பிட்டுப் பழகியவர்கள் அவரவர் ஊர்ப் பெயர் ஒன்றை நிரப்பிக்கொள்வார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சம்பந்தியாகப் போகிறவர்களைத் தங்கள் ஹாலுக்கு அழைத்து வந்தேன். பில்லில் ஒரு கோபி 65 இருந்தது. மேசையில் இல்லை, எவர் வயிற்றிலும் இல்லை. ஞானிகளுக்கே கிட்டாத அந்த அருவ நிலையைத் தங்கள் சமையலறை எட்டியிருப்பது கண்டு மெய்சிலிர்த்தேன். ஆனாலும் பாமரன் அல்லவா, சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு, "ரெண்டு ஃபில்டர் காபி விட்டுப்போச்சு, அதையும் சேர்த்துக்குங்க" என்றும் சொன்னேன்.

காபியை அவர் அந்த நொடியே நம்பினார். "தேங்க்ஸ் சார்" என்று பேனாவாலேயே எழுதிச் சேர்த்துக்கொண்டார். கோபிக்குத்தான் விசாரணைக் கமிஷன். ஒரே வாய், ஒரே பில். காபி வரைக்கும் நான் அரிச்சந்திரன், கோபிக்கு வந்ததும் களவாணி.

விசாரணையின் நேர்த்தியைச் சொல்லியே ஆக வேண்டும். முதலில் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். பிறகு காலித் தட்டுகளை ஒவ்வொன்றாகச் சாய்த்தார். ஒரு தட்டில் பொரிந்த கறிவேப்பிலை ஒன்று அகப்பட்டது. அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "அப்ப இது என்ன சார்?" என்று கேட்டார். அது தயிர் சாதத்துத் தாளிப்பு என்று சம்பந்தியம்மா வாய் திறந்து சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று. பக்கத்து மேசைகளில் சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. யாரும் சாப்பிடவில்லை, எல்லோரும் எங்களைத்தான் பார்த்தார்கள். "கட்டாம போக முடியாது சார், போலீஸைக் கூப்பிட வேண்டியிருக்கும்" என்றார் சூப்பர்வைசர். சம்பந்தி பர்ஸை எடுத்து, "விடுங்க, எரநூறு ரூவாதானே" என்றார்.

கட்டிவிட்டேன். பில்லுக்குச் சண்டை போடுகிற வீட்டில் பெண் எடுப்பார்களா? தங்கள் ஹாலில் விருந்தாளியோடு வருகிறவன் பில்லைக் கூட்டிப் பார்க்க மாட்டான், பார்த்தாலும் வாயைத் திறக்க மாட்டான். உணவுப் பட்டியலில் விலை போடாமலே தாங்கள் விற்பது எங்கள் மானத்தை.

இனி அந்தக் கோபியின் பெருமை. விலை 220 ரூபாய். அதன் மேல் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், 22 ரூபாய். இரண்டையும் கூட்டி அதன் மேல் ஜிஎஸ்டி 5 சதவீதம், 12 ரூபாய் 10 காசு. ஆக 254 ரூபாய் 10 காசு. இல்லாத காலிஃபிளவருக்கு மத்திய அரசு 6 ரூபாய் 5 காசும் மாநில அரசு 6 ரூபாய் 5 காசும் சண்டையில்லாமல் பகிர்ந்துகொள்கின்றன. வேறு எந்த விஷயத்தில் இந்த ஒற்றுமையைக் கண்டோம்? எண்ணெய் இல்லை, சாயப்பொடி இல்லை, கொழுப்பு இல்லை. என் டாக்டர் அனுமதிக்கும் ஒரே கோபி 65 அதுதான்.

சர்வீஸ் சார்ஜைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரில் வாங்கக் கூடாது, அதையும் சேர்த்து ஜிஎஸ்டி போடக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்றே சொல்லிவிட்டதாம். உணவகச் சங்கங்கள் நீதிமன்றத்துக்குப் போய், அந்த மாதமே தடை வாங்கின. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல்கள் செல்லும் என்று தீர்ப்பளித்து, வழக்குப் போட்ட இரண்டு சங்கங்களையும் தலா 1 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது. அதன்மேல் அப்பீலும் போயிருக்கிறார்கள். இந்தச் சில்லறைச் செய்திகளெல்லாம் தங்கள் ஏசி ஹாலின் கண்ணாடிக் கதவைத் தாண்டி வந்திருக்காது.

தண்ணீர் பாட்டிலுக்கு எம்ஆர்பிக்கு மேல் வாங்கினீர்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன். 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே உணவகங்களுக்கு அந்தச் சலுகையைத் தந்துவிட்டது. நியாயம் என்றால் நியாயம்.

வீட்டுக்கு வரும் வழியில் மச்சினன் என்னைத் திட்டினான். "காபியை ஏன் மாமா சொன்னீங்க? அவன் கோபியைக் கூட்டினான், நீங்க காபியைக் கழிச்சிருக்கலாம். கணக்கு நேராயிருக்கும்." ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் கணக்கு நேர் செய்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. மெனு கார்டில் விலையைப் பார்த்து ஆர்டர் சொன்னபோதே ஒப்பந்தம் முடிந்தது. பில் அதற்கு ஒரு குறிப்புச் சீட்டு, அவ்வளவுதான். சீட்டில் விட்டுப்போனாலும் குடித்த காபிக்குக் கடன்பட்டவன் நான். சீட்டில் ஏறிவிட்டது என்பதற்காகச் சாப்பிடாத கோபிக்குக் கடன்பட்டவன் அல்ல. தவறுதலாகத் தரப்பட்ட பணத்தை வாங்கியவர் திருப்பித் தர வேண்டும் என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவு 1872 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது. போலீஸைக் கூப்பிடுவதானால், பழைய 420 இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318. அதற்கு ஏமாற்றும் எண்ணம் வேண்டும். காபியைத் தானே சொல்லிக் காசு கொடுக்கிறவனிடம் அந்த எண்ணத்தைத் தேடுவது, மேசைக்கு அடியில் கோபி தேடுவதைவிடச் சிரமம்.

கோபிக்குப் பணம் கட்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்களுக்குப் பரிமாறிய பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. வடக்கிலிருந்து வந்தவன், தமிழை இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறான். பக்கத்து மேசை ஆர்டரை எங்கள் மேசை எண்ணில் தட்டிவிட்டான் போலிருக்கிறது. சூப்பர்வைசர் அந்தப் பக்கம் போனதும் என் காதருகே குனிந்து, "சார், கட்டுங்க சார், சம்பளத்துல பிடிப்பாங்க" என்றான். பரிமாறுகிறவர்களுக்காக என்று சொல்லி எங்களிடம் பத்து சதவீதம் வாங்குவீர்கள், கை தவறி ஒரு எண்ணை மாற்றி அழுத்தியதற்கு அவன் கூலியில் கை வைப்பீர்கள். வெட்கமாக இல்லை? எவ்வளவுதான் தின்பீர்கள்?

மன்னிக்க வேண்டும், புகழ வந்த இடத்தில் குரல் உயர்ந்துவிட்டது. தங்கள் ரவா தோசைக்கு ஈடு இந்த நகரத்திலேயே இல்லை. அருவக் கோபியைப் பற்றி இனி அபசாரமாகப் பேச மாட்டேன்.

ஒரு தகவலை மட்டும் சமர்ப்பிக்கிறேன். 25 பார்சல் சாப்பாட்டில் ஊறுகாய் வைக்காத ஓர் உணவகம் வாடிக்கையாளருக்கு 35,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் 2024இல் உத்தரவிட்டது. வைக்காத ஊறுகாய்க்கே அந்த மதிப்பென்றால், வைக்காத கோபி 65 எங்கேயோ போய் நிற்கும்.

ஆகவே 254 ரூபாய் 10 காசைத் திருப்பித் தாருங்கள். மற்ற பதார்த்தங்கள் மேல் ஏற்றிய சர்வீஸ் சார்ஜையும் தாருங்கள். அந்தப் பையனின் சம்பளத்தில் கை வைத்திருந்தால், அதை முதலில் கொடுத்துவிட்டு என்னிடம் வாருங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் சொல்வேன், அதிலும் தீராவிட்டால் மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். அங்கே 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.