நேர்காணல் வினாவியல்: ஆம்பூர் வட்டார வழக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

வினா ஆறு வகை, விடை எட்டு வகை என்று பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்து எண்ணூறு ஆண்டுகள் ஆகின்றன. அவர் காலத்தில் ஷூ கம்பெனி கிடையாது, எச்.ஆர். மேனேஜரும் கிடையாது. உலகத்துக் கேள்விகள் அத்தனையும் ஆறு வகைக்குள் அடங்கும் என்று அவர் நம்பியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளின் நேர்காணல் அறைகளில் அந்த இலக்கணம் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்களம்: கம்பெனி கேட், கம்பெனி பஸ், ஆம்பூர் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு டீக்கடை. நிதி நல்கை: மேற்படி டீக்கடைக்காரர், கணக்கு நோட்டின் வழியாக.

விடை தெரிந்தே கேட்பது அறிவினா. "இதுக்கு முன்ன எங்க இருந்தீங்க, ஏன் விட்டீங்க?" என்பது அந்த வகை. கேட்பவரும் அதே கம்பெனியிலிருந்து வந்தவர்தான். அங்கே ஏன் ஆள் நிற்பதில்லை என்று அவருக்குத் தெரியாததா? "ஞாயித்துக்கிழமை ஓ.டி. இருந்தா வருவீங்கல்ல?" என்பது கேள்விக்குறி போட்டுக்கொண்டு வந்த ஏவல். "எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீங்க?" என்ற இடத்தில்தான் பழைய இலக்கணம் தடுமாறுகிறது. கேட்டவுடன் கொடைவினா போலத் தோன்றும். கொடுக்கத்தான் கேட்கிறார் என்று நம்பி ஒரு தொகையைச் சொன்னால், அதில் எவ்வளவு தட்டலாம் என்று அடுத்த நிமிஷமே பேச்சு ஆரம்பமாகிவிடும். கொடையாகப் பிறந்து கொளலாக முடியும் இவ்வினாவுக்குக் 'கொடைநிழற் கொளல்வினா' என்று பெயர் சூட்டுகிறோம். ஏழாவது வகையாக ஏற்றுக்கொள்வதும் விடுவதும் புலவர் பெருமக்கள் பாடு.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்பது வினாவே அன்று. பயோடேட்டா அவர் கைக்கு அடியில்தான் கிடக்கிறது. டீ டம்ளர் வைத்த வட்டம் ஒன்று அதன்மேல் ஏற்கெனவே விழுந்துவிட்டது.

இந்த வட்டாரத்தில் கேள்விகள் எப்போது பிறந்தன என்பதற்கு ஓரளவு வரலாறு உண்டு. தோல்கள் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிய காலத்தில் நேர்காணல் என்று ஒன்று இல்லை. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்க ஆள் வேண்டும். வந்தவரின் தோளைப் பார்த்தார்கள், கையைப் பார்த்தார்கள், "நாளைக்கு வா" என்றார்கள். 1970களில் அரைப்பதத் தோலை ஏற்றுமதி செய்ய மத்திய அரசு கட்டுப்பாடுகள் கொண்டுவந்தது. தோலாக அனுப்பாதே, பொருளாகச் செய்து அனுப்பு என்பது கொள்கை. முதலில் ஷூவின் மேல்பாகமான அப்பர், பிறகு முழு ஷூ என்று தைக்கும் கம்பெனிகள் பெருகின. தையல் மெஷின்களின் முன்னால் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். கேட்டுக்கும் மெஷினுக்கும் நடுவே ஒரு மேசை முளைத்தது. மேசைக்குப் பின்னால் ஒருவரைச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்தால், பாவம், அவரும் ஏதாவது கேட்டுத்தானே ஆக வேண்டும்?

இத்தனைக்கும் உண்மையான தேர்வு அந்த மேசையில் நடப்பதில்லை. தையலுக்கு வரும் பெண்ணை நேராக ஹாலுக்குள் கூட்டிப்போகிறார்கள். கழிவுத் தோல் துண்டு ஒன்றில் சில்வர் பேனாவால் வளைவாகக் கோடு கிழித்து, "இது மேல ஓட்டும்மா" என்கிறார் சூப்பர்வைசர். வீட்டில் ஜாக்கெட் தைத்துப் பழகிய கை இங்கே முதலில் திகைக்கும்; மெஷின் தட்டையாக இருக்காது, கம்பம் போல நிமிர்ந்து நிற்கும். அதன் உச்சியில் தோலை வைத்து வளைவுக்கு வளைவு திருப்ப வேண்டும். துணியில் தப்பினால் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். தோலில் ஊசி இறங்கிய ஓட்டை மூடாது. பிரித்தால் தப்பு நடந்த இடம் இன்னும் பளிச்சென்று தெரியும். ஓட்டி முடித்ததும் சூப்பர்வைசர் துண்டைத் திருப்பி அடிநூலைப் பார்க்கிறார். அடியில் நூல் தொளதொளவென்று இல்லை. வளைவிலும் தையல் கோட்டை விட்டு விலகவில்லை. "ம்" என்கிறார். பரீட்சை முடிந்தது. அந்தப் பெண் இதுவரை வாயே திறக்கவில்லை.

கட்டிங் பிரிவிலும் இதே கதைதான். "உன் பலவீனம் என்ன?" என்று தோலிடம் யாரும் கேட்பதில்லை. கட்டர் அதை வெளிச்சத்தில் விரித்துக் கையால் தடவிப் பார்க்கிறார். உண்ணி கடித்த புள்ளியும் முள் கீறிய கோடும் சூடு போட்ட தழும்பும் அவருக்குத் தானாகத் தெரிந்துவிடும். அந்த இடங்களை விட்டுத் தள்ளி டையை வைத்து வெட்டுகிறார். மாடியில் மெர்ச்சண்டைசர் வேலைக்கு வந்த பொறியியல் பட்டதாரியை மட்டும் "உங்க வீக்னஸ் என்ன?" என்று கேட்கிறார்கள். "எதையும் ரொம்ப பர்ஃபெக்டா செய்யணும்னு நினைப்பேன் சார், அதுதான்" என்கிறான் பையன். அவனுக்கு முன்னால் வந்தவனும் அதையேதான் சொன்னான்.

இதிலிருந்து இவ்வாய்வின் மைய விதி கிடைக்கிறது: செய்யும் வேலை கண்ணுக்குத் தெரியாமல் போகப்போகக் கேள்விகள் பெருகும். வரைபடமாகப் போட்டால் நடுவில் திமில் வைத்த கோடு வரும். டேனரியில் லோடு இறக்குபவருக்குக் கேள்வி இல்லை. டெய்லருக்குச் சில. சூப்பர்வைசருக்கு ஒரு பக்கம். எச்.ஆர். வேலைக்கே விண்ணப்பித்தவருக்கு மூன்று சுற்று. அதற்கு மேல் கோடு சரசரவென்று இறங்கி, முதலாளியின் மகன் விஷயத்தில் மறுபடியும் பூஜ்யத்தைத் தொடுகிறது.

வேலை மீதான மனப்பாங்கு பற்றிய வினாவுக்குத் தனி இடம் தர வேண்டும். "ஏம்மா வேலைக்கு வர்ற?" என்று கேட்டில் கேட்டால், "குழுக் கடன் இருக்குதுங்க சார், பையனுக்கு ஃபீஸ் கட்டணும்" என்று பளிச்சென்று பதில் வரும். கேட்டவருக்கு முகம் மலர்ந்துவிடும். கடன் உள்ளவர் லீவு போட மாட்டார், அட்டெண்டன்ஸ் போனஸை விட மாட்டார். இதே பதிலை மாடியில் சொல்ல முடியுமா? அங்கே வருகிறவனுக்கும் கல்விக் கடன் கழுத்தை நெரிக்கிறது. ஆனால், "தோல் துறையில் எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே ஆர்வம்" என்றுதான் சொல்லியாக வேண்டும். நாற்றம் வருகிறது என்று டேனரிப் பக்கம் போகும்போதெல்லாம் கைக்குட்டையை மூக்கில் வைத்த பையன் அவன். கீழ்த்தளத்தில் தகுதியான கடன், மாடிப்படி ஏறினால் குற்றமாகிவிடும் விந்தையை எந்த இலக்கணமும் விளக்கவில்லை.

"எந்த ஊரும்மா?" என்பது சாதுவான கேள்வி. "பேர்ணாம்பட்டுப் பக்கங்க." "பக்கம்னா?" ஊர்ப்பெயர் வருகிறது. "ஊர்ல எந்தப் பக்கம்?" மூன்றாவதாக வரும் இந்தக் கேள்விக்குக் காரணம் கேட்டால், பஸ் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிய வேண்டாமா என்பார்கள். பஸ் மெயின் ரோட்டில்தான் நிற்கும். அது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். தோலைத் தொட்டுத் தொழில் செய்யும் இடத்திலேயே இந்தக் கேள்வி உயிரோடிருப்பதைப் பற்றி நகைச்சுவையாக எழுத நமக்கு வரவில்லை. மேலே போவோம்.

இடைவெளி வினா: "நடுவுல மூணு வருஷம் என்ன பண்ணீங்க?" பிள்ளை பெற்று வளர்த்த பெண்கள் இதற்குக் குற்றவாளி போல விளக்கம் சொல்கிறார்கள். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நெடுங்காலம் மூலவர் இல்லாமல் கிடந்தது. சாமியில்லாக் கோயில், ராஜா இல்லாக் கோட்டை, தண்ணீரில்லா ஆறு என்று ஊரைக் கேலி பேசினார்கள். 1981இல் சத்துவாச்சாரியிலிருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து மறுபடி நிறுவினார்கள். இத்தனை காலம் எங்கே போயிருந்தீர் என்று எவரும் கேட்கவில்லை. அன்றே பூசை தொடங்கியது. பிரசவம் முடிந்து திரும்புகிறவருக்கும் இந்த முன்னுதாரணம் பொருந்தும் என்பது எம் கருத்து.

முன்னோர் ஆய்வுகளையும் தொட்டாக வேண்டும். 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தில் வள்ளுவர் ஒருவனை அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என நான்கால் சோதிக்கச் சொல்கிறார். நம் வட்டாரத்தில் நான்காவது மட்டும் வழக்கில் இருக்கிறது. உத்திரமேரூர்க்காரர்கள் இன்னும் தெளிவு. பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் வயது, சொத்து, படிப்பு, கணக்குக் காட்டாதவனை விலக்குதல் என்று தகுதிகளை வெட்டிவைத்துவிட்டு, மிச்சத்தைக் குடவோலைக்கு விட்டார்கள். பானைக்குள் கைவிட்டு ஓலை எடுத்தது ஒரு சிறுவன். ஐந்து வருஷம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்று அவன் யாரையும் கேட்கவில்லை.

மேலைநாட்டில் எடிசன் வேலை கேட்டு வந்தவர்களுக்கு நூற்றைம்பது கேள்விகள் அளவில் ஒரு தாள் வைத்திருந்தார். 1921இல் அது பத்திரிகைகளில் வெளியாகி ஊர் சிரித்தது. அந்த ஆண்டு அமெரிக்கா போயிருந்த ஐன்ஸ்டீனிடம் அதிலிருந்து ஒலியின் வேகத்தைக் கேட்டார்கள். புத்தகத்தில் இருப்பதைத் தலையில் சுமப்பதில்லை என்று சொல்லிவிட்டார். தோல் எப்படிப் பதனிடப்படுகிறது என்ற கேள்வியும் அந்தத் தாளில் உண்டு. அதில் ஐன்ஸ்டீனைவிட ஆம்பூர் டீக்கடைப் பையன் கூடுதல் மதிப்பெண் வாங்கியிருப்பான்.

விடைகளுக்கு வருவோம். "நைட் வரைக்கும் இருப்பியா?" "பஸ் விடுவீங்களா?" இது வினா எதிர் வினாதல். "டார்கெட் முடிப்பியா?" "முதுகு வலிக்கும் சார்." இது உறுவது கூறல். "கல்யாணம் எப்போ?" என்றால் பெரும்பாலும் தலைகுனிவு, நன்னூலார் மௌனத்துக்குச் சூத்திரம் எழுதவில்லை. கடைசியில் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து வரும் "சொல்லி அனுப்புறோம்" என்பது எட்டில் எதிலும் அடங்காது. சுட்டும் இல்லை, மறையும் இல்லை, நேரும் இல்லை.

"எங்களை ஏதாவது கேட்கணுமா?" என்று அறையில் கேட்டால் எல்லோரும் "இல்லைங்க சார்" என்கிறார்கள். கேட்க வேண்டியதையெல்லாம் வெளியே வந்து வாட்ச்மேனிடம் கேட்கிறார்கள். சம்பளம் ஏழாந்தேதி ஒழுங்கா வருதா அண்ணே? பி.எஃப். பிடிக்கிறது கட்டுறாங்களா? பாத்ரூம் போக டோக்கன் வாங்கணுமா? ரெண்டாவது லைன் சூப்பர்வைசர் எப்படி? வாட்ச்மேன் கேட்டைப் பாதி சாத்திவிட்டு, முதல் கேள்வியிலிருந்து வரிசையாகப் பதில் சொல்லத் தொடங்குகிறார்.