அகராதி பிடித்த ஊர்

தீப்பெட்டி ஆபீஸ் வேலையோடு ஜப்பானிய மொழியும் படிக்கிறேன். எந்த எலெக்ட்ரானிக் அகராதி வாங்கலாம்?
*(வாசகர், கோவில்பட்டி)*

கேசியோ எக்ஸ்-வேர்டு நல்ல சரக்குதான். ஆனால், ஜப்பான்காரர்களுக்காகச் செய்தது. மெனுவே ஜப்பானிய மொழியில் இருக்கும். அகராதியைத் திறக்க இன்னொரு அகராதி வாங்குவீர்களா? தெரியாத கான்ஜி எழுத்தை விரலால் வரைந்து தேட கையிலுள்ள போனே போதும். இலவச ஆப்கள் பலவற்றுக்கு அடித்தளம், ஆஸ்திரேலியாவில் ஜிம் பிரீன் 1991-ல் தொடங்கிய சொற்கோப்பு. காசை மிச்சம் பிடித்து, சென்னையில் நடக்கும் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வுக்குக் கட்டுங்கள்.

எத்தனை கான்ஜி படிக்கணும்?

ஜப்பான் அரசின் அன்றாடப் பட்டியலில் 2,136. பெட்டிக்கு 40 குச்சி என்றால், 54 பெட்டிக்குள் அடக்கம். உங்களுக்கு இதெல்லாம் ஒரு கணக்கா?

கரிசல்காரர்களுக்கு அகராதி ஜாஸ்தியாமே?

ஒன்றுதான் தெரியும். இடைசெவல் கி.ராஜநாராயணன் 1982-ல் போட்ட வட்டார வழக்குச் சொல்லகராதி. பள்ளிப் படிப்பை முடிக்காதவர் தொகுத்தது. அவரைப் பிறகு புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராகவே கூப்பிட்டுக்கொண்டது. பேட்டரி தேவையில்லை, மெனுவும் தமிழ்தான்.