நீங்கள் எந்த மிருகம்? வயதறி கலை குறித்து ஓர் ஆய்வு

பெண்ணிடம் வயதைக் கேட்கலாகாது என்பது உலகப் பொது விதி. அவ்விதியை மீறாமலேயே மீறும் உத்தி சீனர்களிடம் வெகு காலமாக உண்டு. “நீங்கள் எந்த மிருகம்?” என்று கேட்பார்கள். “குதிரை” என்று பதில் வரும். கேட்டவர் மனக்கணக்குப் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் தேநீரைக் குடிப்பார். அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதே இவ்வாய்வின் பொருள்.

முதலில் தரவுகள். எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி என ஆண்டுக்கொரு மிருகம். 2026 குதிரை. ஆகவே இவ்வாண்டில் தம்மைக் குதிரை என்று சொல்லிக்கொள்பவர் 12, 24, 36, 48, 60, 72 ஆகியவற்றுள் ஏதோ ஒரு வயதை எட்டுகிறவர். எது என்பதை ஆய்வாளர் முகத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அழகு நிலையங்கள் பெருகிவிட்டதால் இம்முறையின் துல்லியம் குறைந்து வருகிறது. இதனை ‘ஒப்பனைப் பிழை’ என்போம். ‘ஜனவரிப் பிழை’ என்று இன்னொன்றும் உண்டு: 1990இன் குதிரை ஜனவரி 27ஆம் தேதிதான் வந்து சேர்ந்தது. அதற்கு முந்தைய வாரம் பிறந்தவர் பாம்பு.

பன்னிரண்டு போதாது என்பது சீனர்களுக்கும் தெரியும். மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என ஐந்து பூதங்கள். ஒவ்வொன்றும் இரண்டிரண்டாகப் பத்து ‘விண் தண்டுகள்’. பத்துப் பல் சக்கரமும் பன்னிரண்டு பல் சக்கரமும் ஆண்டுக்கு ஒரு பல் வீதம் சேர்ந்து நகர்கின்றன. 120 சேர்க்கைகள் வர வேண்டுமே என்று பதறுவோர் கவனிக்க: இரண்டும் இரட்டைப்படை எண்கள் என்பதால் பாதிச் சேர்க்கைகள் ஒருநாளும் சந்திப்பதில்லை. அறுபதே தேறும். சஷ்டியப்தபூர்த்தி கண்ட வாசகருக்கு இந்த எண்ணை விளக்கத் தேவையில்லை. ஷாங் அரசர் காலத்து எலும்புகளில் நாட்களை எண்ணப் பயன்பட்ட சுற்றுதான் பிற்பாடு ஆண்டுகளுக்கும் வந்தது.

1990 உலோகக் குதிரை, 2002 நீர்க் குதிரை, 2026 நெருப்புக் குதிரை. இதற்கு முந்தைய நெருப்புக் குதிரை 1966. அந்த ஆண்டில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாதவள் என்பது இந்த நாட்காட்டியைச் சீனாவிடமிருந்து வாங்கிக்கொண்ட ஜப்பானில் நிலவிய நம்பிக்கை. 1966இல் அங்கு பிறப்புகள் முந்தைய ஆண்டைவிடக் கால்வாசி குறைந்தன. புல்லட் ரயில் ஓடத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்த நாடு அது.

அறுபதின் குறை ஒன்றே ஒன்று: எத்தனையாவது சுற்று என்று சொல்லாது. மன்னராட்சியை வீழ்த்திய 1911ஆம் ஆண்டுப் புரட்சிக்கு ஆண்டின் பெயரால் ‘ஷின்ஹை புரட்சி’ என்று பெயர். 1971இலும் ஒரு ஷின்ஹை வந்து போனது. வீழ்த்துவதற்கு மன்னர் எவரும் மிச்சமில்லாததால் குழப்பம் நேரவில்லை.

சுற்றைக் குறிக்கும் பொறுப்பைப் பேரரசர்கள் ஏற்றார்கள். ஹான் வம்சத்து வூ தொடங்கிவைத்த வழக்கப்படி ஆட்சிக் காலத்துக்கு மங்கலப் பெயர் சூட்டி, அதிலிருந்து 1, 2 என எண்ணினார்கள். காங்ஷி என்ற பெயர் 61 ஆண்டு ஓடியது. அவருடைய பேரன் சியான்லோங், தாத்தாவை மிஞ்சலாகாது என்று 60 ஆண்டு முடிந்ததும் மகனிடம் முடியைக் கொடுத்தார். 1796 நாட்டுக்கு ஜியாசிங் 1. அரண்மனைக்குள் மட்டும் சியான்லோங் 61 என்றே நாட்காட்டி தொடர்ந்தது. மரியாதை கெடாமல் தாத்தாவை மிஞ்சுவது எப்படி என்பதற்கு இதைவிடச் சான்று கிடைக்காது.

1912இல் பிறந்த குடியரசு தன்னிலிருந்தே எண்ணத் தொடங்கியது. தைவானில் அந்தக் கணக்கு இன்றும் நடக்கிறது. 2026 அங்கே 115. வட கொரியா தன் ஜூச்சே கணக்கைக் கிம் இல் சுங் பிறந்த ஆண்டிலிருந்து தொடங்கியது. அதுவும் 1912. ஆக, வேறெதிலும் ஒத்துப்போகாத இரு அரசுகள் ஆண்டு எண்ணில் மட்டும் அச்சொட்டாகப் பொருந்தின.

அறுந்துபோகாத ஒரே கணக்கு வேண்டும் என்று விரும்பியவர்கள் மஞ்சள் பேரரசரிடம் போனார்கள். அவரிலிருந்து எண்ணினால் 2026 என்பது 4723. குடியரசை நிறுவிய சன் யாட்-சென் கையாண்ட கணக்கை நீட்டினால் 4724. மூன்றாவது தரப்பு 4663 என்கிறது. முதலுக்கும் மூன்றாவதுக்கும் இடையே சரியாக ஒரு சுற்று. புராண புருஷர் ஒருவர் விஷயத்தில் அறுபது வருஷம் முன்பின் ஆவதை இவ்வாய்வாளர் பொறுத்துக்கொள்கிறார். அந்த ஒன்றைத்தான் பொறுக்க முடியவில்லை.