384 பேரும் ஒரு அம்மாச்சியும்

அக்கா மகன் எம்.பி.ஏ. கடைசி வருடம். புராஜெக்ட் தலைப்பு: ‘பாக்கெட் பால் நுகர்வோரின் மனநிறைவு – மதுரை மாநகரைச் சிறப்பு நோக்காகக் கொண்ட ஓர் ஆய்வு’. இந்தச் சிறப்பு நோக்கு இல்லாத ஆய்வேட்டை நான் இதுவரை பார்த்ததில்லை. உலகத்துப் பாலை எல்லாம் அளக்கக் கிளம்பியவன், பஸ் வசதி கருதி மதுரையோடு நின்றுகொண்டான் என்று பொருள்.

“எதைக் கண்டுபிடிக்கப் போற?” என்றேன்.

“384 பேரை, மாமா.”

என்ன கேட்பது என்று முடிவாகவில்லை. எத்தனை பேரைக் கேட்பது என்பது முடிவாகிவிட்டது. கிரெஜ்சி, மார்கன் என்ற இருவர் 1970-இல் போட்ட அட்டவணையின் உபயம் அது. ஆயிரம் பேர் கொண்ட கூட்டத்துக்கு 278 பேரைக் கேட்க வேண்டும். பத்து லட்சத்துக்கு 384 போதும். அதற்குமேல் கூட்டம் எவ்வளவு பெருத்தாலும் எண் அநேகமாக அங்கேயே நிற்கும். கல்யாண வீட்டுச் சமையல்காரர் கேட்டால் பொறாமையில் அழுதுவிடுவார்.

கணக்கு சரிதான். ஆனால், அந்த 384 பேரைக் குலுக்கிப் போட்டு எடுக்க வேண்டும். மருமகன் குலுக்கவில்லை. அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப், பள்ளி நண்பர்கள் குரூப், குலதெய்வக் கோயில் குரூப் மூன்றிலும் கூகுள் ஃபார்மைத் தட்டிவிட்டான். கோயில் குரூப்பில் எல்லோரும் கும்பிடும் கையைப் போட்டார்களே ஒழிய ஃபார்மைத் திறக்கவில்லை. இப்படிக் கைக்கெட்டியவர்களிடம் கேட்பதற்கு ‘வசதிக் கூறெடுப்பு’ என்று பெயர். யாருடைய வசதி என்று ஆய்வேட்டில் எழுத வேண்டியதில்லை.

ஃபோனில் சிக்காதவர்களுக்குத் தாளும் பேனாவும். முதலில் சிக்கியது என் அம்மா.

“அம்மாச்சி, பாலோட தரம் திருப்தியா இருக்கு. இதுக்கு முற்றிலும் உடன்படுறியா, உடன்படுறியா, நடுநிலையா, உடன்படலையா, முற்றிலும் உடன்படலையா?”

“பச்சைக் கவர் தேவலை. நீலத்துல உறை ஊத்துனா தயிர் தண்ணியா நிக்குது. டீக்கு அது போதும். நேத்து வந்தது ஓரத்துல ஒழுகல். கேட்டா, போடுற பையன் வண்டிக்காரனைக் கை காட்டுறான். இதுல எதுக்குடா உடன்படணும்?”

யோசித்துவிட்டு ‘நடுநிலை’யில் டிக் அடித்தான். மருமகள் சமையல் முதல் மாநில அரசியல் வரை எதிலும் அம்மா நடுநிலை வகித்து யாரும் பார்த்ததில்லை. 1932-இல் இந்த அளவுகோலைக் கொடுத்த ரென்சிஸ் லிக்கர்ட்மேல் பழி போட முடியாது. ஒரு கேள்விக்குள் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும் என்பது பாலபாடம். நீலத்தையும் பச்சையையும் கேள்வித்தாளிலேயே பிரித்திருக்க வேண்டும். இதற்குத்தான் முதலில் பத்திருபது பேரிடம் முன்னோட்டம் பார்க்கச் சொல்கிறார்கள். இவனுக்கு முன்னோட்டமும் மெயின் பிக்சரும் ஒன்றுதான்.

இரண்டு விஷயங்களுக்குள் தொடர்பு உண்டா என்று பார்க்கும் கை-ஸ்கொயர் டெஸ்ட்டைக் கடைசியில் போட்டுவிடலாம் என்று கைடு முன்பே சொல்லிவிட்டாராம். எதையும் எதையும் சேர்த்துப் போடுவது என்பதுதான் பாக்கி.

இரண்டாம் அத்தியாயம், முந்தைய ஆய்வுகள். விலைதான் முக்கியம் என்கிறார் ஒருவர். அடுத்த பத்தியில் இன்னொருவர் தரம்தான் என்கிறார். இருவரும் ஒரே பக்கத்தில் சண்டை சச்சரவின்றிக் குடியிருக்கிறார்கள். முதலாமவர் தினக்கூலிக்காரர் வீட்டில் கேட்டாரா, கார் நிற்கும் வீட்டில் கேட்டாரா? விலையேற்றத்துக்கு முன்பா, பின்பா? இதையெல்லாம் கிளறினால்தானே அது விமர்சனப் பகுப்பாய்வு?

“நீ என்னப்பா நினைக்கிற?”

“நான் நினைச்சா கைடு ரெஃபரன்ஸ் கேப்பாங்க, மாமா.”

கேள்வித்தாளின் அடியில் ‘பிற கருத்துகள்’ என்று இரண்டு கோடு விட்டிருந்தான். அம்மா சொல்லச் சொல்ல எழுதியதில் பின்பக்கமும் நிறைந்துவிட்டது: ஒழுகல், வண்டிக்காரன், சில்லறைக்குப் பதில் திணிக்கும் மிட்டாய், அந்தக் காலத்தில் வாசலில் மாட்டைக் கட்டிக் கறந்தவர் நுரையை அளந்து ஊற்றிய சாமர்த்தியம். “உன் புராஜெக்ட்டே இதுலதாண்டா இருக்கு” என்றேன்.

“இது குவாலிடேட்டிவ், மாமா. எஸ்.பி.எஸ்.எஸ். சாஃப்ட்வேர்ல ஏறாது” என்று தாளை மடித்துப் பையில் வைத்தான்.

அம்மா விடவில்லை. “அதான் எல்லாத்தையும் எழுதிக்கிட்டேல்ல? நாளைக்கு ஒழுகாத கவரா வரச் சொல்லு.”